‘தோதுப்படாது அண்ணாச்சி’: மறுக்கவும், மறுப்பைக் கேட்கவும்

கேள்வி சுருக்கமாக இது. வயது 23. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. சூப்பர்வைசர் அண்ணாச்சி கடை அடைத்த பிறகும் தினமும் கணக்குப் பார்க்க நிற்கச் சொல்கிறார். இரவு 10 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். பெரியம்மா சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பின்னாலேயே கடனும் கேட்கிறார். இது போக, கேள்வி கேட்டவரே கூட வேலை பார்க்கும் தோழியின் போனை எடுத்துப் பார்த்து, அவளுக்கு மாப்பிள்ளை பேசுவதை மற்றவர்களிடம் சொல்லிவிட்டதால் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘யாரிடமும் இல்லை என்று சொல்ல வாய் வரமாட்டேங்குது. சொன்னால் திமிர் என்கிறார்கள். என்ன செய்ய?’

தங்கச்சி, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. முதல் இரண்டில் உங்கள் வரப்புக்குள் வேறொருவர் வருகிறார். மூன்றாவதில் நீங்கள் இன்னொருத்தியின் வரப்புக்குள் போயிருக்கிறீர்கள். மறுத்துப் பழகாதவர்களுக்கு, அடுத்தவர் மறுக்கும்போதும் அது மறுப்பு என்று பிடிபடுவதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

‘திமிர்’ என்ற பேச்சுக்கு முதலில் வருகிறேன். மறுப்பதென்றால் மரியாதையைக் கைவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பால்தான் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தீபாவளிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கத்திவிடுகிறோம். பிறகு ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கத்தல் மட்டும்தான். பொறுத்துப் போன ஆறு மாதம் யார் கணக்கிலும் வராது. நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ‘அண்ணாச்சி’, ‘பெரியம்மா’, ‘மைனி’ என்ற உறவுச் சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டால், பின்னால் எவ்வளவு உறுதியான மறுப்பு வந்தாலும் அது அவமரியாதையாகக் கேட்காது. உறவுச் சொல் முழுதாக, மறுப்பு முழுதாக. இரண்டையும் குறைக்க வேண்டியதில்லை.

மறுப்பு உடைந்துபோகும் இடம் வேறு. காரணம் சொல்லும் இடத்தில்தான் அது உடைகிறது. நீங்கள் இதுவரை சொல்லிவந்தது அநேகமாக இப்படித்தான் போயிருக்கும்:

‘அண்ணாச்சி, அம்மைக்கு ஒடம்பு சரியில்ல, இன்னைக்கு நேரத்தோட போணும்.’
‘சரி, போயிட்டு வா.’
மறுநாள்: ‘அம்மை எப்படி இருக்காவ? தேவலையா? அப்ப இன்னைக்கு நிக்கலாம்லா?’

நீங்கள் சொன்ன காரணம் தீர்ந்துபோனது, அதோடு மறுப்பும் தீர்ந்துபோனது. பஸ் கிடைக்காது என்றால் ‘நான் வண்டில கொண்டு விடுதேன்’ என்பார். அதை மறுக்க இன்னொரு காரணம் வேண்டும். ஒவ்வொரு காரணமும் அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக மாறுகிறது. பொய்க் காரணம் என்றால் இன்னும் மோசம், அதை ஞாபகம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய வேலையும் உங்கள் தலையில் விழும். ஆகவே காரணத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக மாற்று ஏற்பாடு ஒன்று இருந்தால் அதைச் சொல்லுங்கள். ‘அண்ணாச்சி, எட்டரைக்கு மேல நிக்கது எனக்குத் தோதுப்படாது. மிச்சக் கணக்கைக் காலைல வந்து ஒம்பதரைக்குள்ள முடிச்சிருதேன்.’ ஒரு மறுப்பு, ஒரு ஏற்பாடு, முற்றுப்புள்ளி.

‘தோதுப்படாது’ என்ற சொல்லைக் கவனித்துத்தான் போட்டேன். மறுக்கும் சொற்கள் எல்லாம் ஒன்றல்ல. ‘முடியாது’ என்றால் இயலாமை, ‘ஏன் முடியாது?’ என்று கேட்க இடம் இருக்கிறது. ‘மாட்டேன்’ முழுக்க உங்கள் விருப்பம், பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் சொன்னால் மோதலாகத் தெரியும். மூன்றாம் தடவை கேட்கும்போது அதை எடுங்கள், அப்போது அது சரியான சொல். ‘வேண்டாம்’ என்பது தருவதை மறுக்க: காப்பி, வண்டிச் சவாரி, பரிசு. ‘இப்ப வேண்டாம்’ என்றால் அப்புறம் வேண்டும் என்று ஆகிவிடும், ‘இப்ப’வை எடுத்துவிடுங்கள். ‘தோதுப்படாது’, ‘சரிவராது’ இரண்டும் யார் மேலும் குற்றம் சுமத்தாமல், ஏற்கெனவே முடிவான ஒன்றைத் தெரிவிப்பவை. முதல் மறுப்புக்கு இவையே நல்லவை. ‘தோதுப்படாதுன்னு நெனைக்கேன்’ என்று மட்டும் நீட்டாதீர்கள். நினைப்பை மாற்றச் சொல்லிக் கேட்பார்கள்.

குரல் பற்றி ஒன்று. பழக்கத்தில் வாக்கியத்தின் கடைசியில் குரலை உயர்த்தி, ‘சரியா?’, ‘என்ன?’ என்று ஒட்டிவிடுவோம். அது அனுமதி கேட்பது. கடைசி எழுத்தில் குரல் இறங்க வேண்டும். இது தானாக வராது. மொட்டை மாடியில் நின்று அதே வாக்கியத்தைப் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போனில் பதிவு செய்து கேட்டால் குரல் எங்கே மேலே போகிறது என்பது உங்களுக்கே தெரியும். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது, வாய்க்குப் பழக்கம் வேண்டும்.

சொல்லி முடித்த பிறகு வரும் மௌனத்தில்தான் பலர் தோற்கிறார்கள். அண்ணாச்சி பதில் பேசாமல் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதி தாங்காமல், ‘இல்ல, ரொம்ப அவசரம்னா நிக்கேன்’ என்று நீங்களே அவிழ்த்துவிடுவீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகும் அவர் பேசாவிட்டால் ‘சரி அண்ணாச்சி, வாரேன்’ என்று பையை எடுத்துக்கொண்டு நகருங்கள். மறுபடி கேட்டால் புது வார்த்தை தேட வேண்டாம், அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். வார்த்தை மாறினால் முடிவும் மாறும் என்று எதிராளி எடுத்துக்கொள்வார்.

எப்போது, எங்கே சொல்வது என்பது பாதி வெற்றி. கடை அடைக்கும் நேரத்தில், கல்லாப் பணம் எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரிடம் சொன்னால் அந்த நாளின் களைப்பு முழுவதும் உங்கள் மேல் இறங்கும். வாடிக்கையாளர் முன்னால் சொன்னால் அவருக்கு முகம் போய்விடும், முகத்தைக் காப்பாற்றவே பிடிவாதம் பிடிப்பார். காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, முதல் டீ வந்த பிறகு ஒரு பத்து நிமிடம் ஓய்வாக இருக்கும், அதுதான் நேரம். இடம், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் காதுக்கு எட்டக் கூடாது. பில்லிங் மேசைக்கு முன்பக்கம் சரி. குடோன், மாடிப்படி, பூட்டிய அறை கூடாது. உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மேசை இருக்கட்டும். தோழியிடம் சொல்லி அவள் வழியாகச் சேதி அனுப்ப வேண்டாம். அது மறுப்பாகப் போய்ச் சேராது, புறணியாகத்தான் போய்ச் சேரும்.

சின்னதாக இருக்கும்போதே சொல்வது முக்கியம். வயலில் பக்கத்துக்காரர் உழவுக்கு உழவு வரப்பில் ஒரு மண்வெட்டி சீவுவார். முதல் வருஷமே கேட்டால் ‘தெரியாம பட்டுட்டு’ என்று மண்ணை அணைத்துக் கொடுத்துவிடுவார், பேச்சு அதோடு முடியும். ஐந்தாம் வருஷம் கேட்டால் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நட வேண்டும். அவருக்கும் அது தன் நிலம் என்றே பழகியிருக்கும்.

ஆனால் எல்லா நேரமும் பேசும் நேரம் அல்ல. எதிரில் இருப்பவர் குடித்திருந்தால், நீங்கள் தனியாக இருந்தால், கதவு அவர் பக்கம் இருந்தால், அப்போது எந்த வாக்கியமும் வேண்டாம். ‘சரி அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த ‘சரி’ சம்மதம் ஆகாது. பேச்சு மறுநாள் வெளிச்சத்தில் இருக்கட்டும். அவசரம் என்றால் 112, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். எண்களைப் போனில் இன்றே பதிந்துவையுங்கள்.

இரவுச் செய்திகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ‘நாளைக்கு ஸ்டாக் வருது, சீக்கிரம் வா’ என்பது வேலைச் செய்தி, நேரம் மட்டும்தான் தப்பு. ‘சாப்ட்டியா’, ‘தூங்கலியா’, ‘டிபி நல்லாருக்கு’ என்பது வேலைச் செய்தி அல்ல. முதல் வகைக்கு இரவில் ‘சரி’ என்று கூடப் பதில் போடாதீர்கள். நீங்கள் போடும் ஒரு ‘சரி’, 10 மணிக்கு அனுப்பினாலும் பதில் வரும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். காலை வேலை நேரத்தில் பதில் போட்டு, கூடவே ஒரு வரி: ‘அண்ணாச்சி, ராத்திரி போன் பாக்க மாட்டேன். வேலை விஷயம் பகல்ல சொல்லிருங்க.’ இரண்டாம் வகைக்கு ஒரே ஒரு தடவை எழுத்தில்: ‘இந்த மாதிரி மெசேஜ் எனக்கு அனுப்பாதீங்க.’ சிரிப்புப் பொம்மை, கும்பிடு எதுவும் சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகும் வந்தால் அழிக்க வேண்டாம். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அனுப்பியவர் பிறகு அழித்துவிடலாம். அவர் எண்ணை ‘சூப்பர்வைசர் அண்ணாச்சி’ என்று பதிந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பெயர்தான் தெரியும், எண் தெரியாது. பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். வாயால் சொன்னவற்றுக்கு ஒரு தைத்த நோட்டு: தேதி, மணி, இடம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், பக்கத்தில் நின்றது யார். தனித்தாளில் எழுதாதீர்கள், பிறகு சேர்த்தது என்பார்கள்.

கூடுதல் நேரத்தைப் பற்றி, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 2021இல் வந்த திருத்தம் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சொல்கிறது. இதை அண்ணாச்சியிடம் முதல் நாளே சட்டமாக எடுத்து வீச வேண்டாம். பண்டிகைக் காலத்தில் எல்லோரும் நிற்கத்தான் செய்வார்கள், அப்போது மட்டும் ‘எத்தனை நாள், எத்தனை மணி வரை, ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) எப்ப வரும்’ என்று முன்கூட்டியே கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள். மறுத்ததற்காகச் சம்பளத்தில் கை வைத்தால் அப்போது தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதலாம். அதற்கு வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு இரண்டின் படமும் கையில் இருக்க வேண்டும்.

தொடுவது, உரசுவது, ஆபாசப் பேச்சு, படம் காட்டுவது, வேறு அர்த்தத்தோடு அழைப்பது என்று வந்துவிட்டால் மேலே சொன்ன பக்குவமான வாக்கியம் எதுவும் உங்கள் கடமை அல்ல. முதலில் அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் பெண், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், ஒருவர் வெளியிலிருந்து வருபவர். குழு அமைத்த ஆணையைக் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும், நாளைக்கே கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். 10 பேருக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டலாம். தமிழில் எழுதினால் போதும். மனு, ஆதாரம், சாட்சிகளின் பெயர் முகவரி எல்லாம் சேர்த்து 6 படி (நகல்), ஒரு கூடுதல் படியில் பெற்றுக்கொண்ட தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்களையோ அவரையோ வேறு பிரிவுக்கு மாற்றவும், உங்களுக்கு 3 மாதம் வரை விடுப்புத் தரவும் கேட்கலாம். ‘பேசி முடிச்சிக்கிடலாம்’ என்று யாராவது நடுவில் வந்தால், சமாதானம் நீங்கள் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் பேச முடியாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

பெரியம்மா விஷயம் இவ்வளவு கடினம் இல்லை. ‘சம்பளம் எவ்வளவு தாராவ?’ என்று கேட்டால் தொகை சொல்லாமல், ‘செலவுக்குச் சரியா இருக்கு பெரியம்மா’ என்று சொல்லிவிட்டு நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: மூட்டுவலி எப்படி இருக்கு, கொய்யா காய்ச்சிருக்கா. கடனுக்கு ‘இப்ப கையில இல்ல’ என்பதுதான் தப்பான பதில், ஒன்றாம் தேதி வந்து நிற்பார். ‘பெரியம்மா, கடன் குடுக்கதில்லன்னு வச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போணும்னா சொல்லுங்க, லீவு போட்டுத் துணைக்கு வாரேன்.’ கொடுக்க மனசு இருந்தால், திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத தொகை எவ்வளவோ அதைக் கொடுங்கள், கடன் என்று பெயர் வைக்காதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இதை முதலில் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் மறுத்த மறுநிமிடம் அம்மா அடுப்படியிலிருந்து ‘அவ தருவா அக்கா’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இது இல்லாமல் எல்லை பற்றிப் பேச முடியாது. ‘நீங்க எந்தத் தெரு?’, ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்பதில் பல நேரம் முகவரி கேட்கப்படுவதில்லை, சாதி கேட்கப்படுகிறது. ‘பாளையங்கோட்டைதான்’ என்று நிறுத்துங்கள். மேலும் கிண்டினால் ‘அது எதுக்கு, பில்லைப் பாப்போம்.’ நீங்களும் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அது பேச வேண்டியிருந்தது. பிறப்பைச் சொல்லி மனிதர்களைச் சுற்றிப் போட்ட வேலி, மதிக்க வேண்டிய எல்லை அல்ல. ஒரு ஆளின் உடம்பு, நேரம், பணம், போன், கல்யாணப் பேச்சு, மனசு ஆகியவற்றைச் சுற்றி அந்த ஆளே போடுவதுதான் எல்லை. ‘எல்லையோட இரு’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதைப் போட்டது யார் என்று முதலில் பாருங்கள்.

இனி தோழி. இங்கே நீங்கள் கேட்கிற பக்கம். நம் ஆட்கள் ‘இல்லை’ என்ற சொல்லை அபூர்வமாகத்தான் வாயில் எடுப்பார்கள். ‘பாப்போம்’, ‘வீட்ல கேட்டுச் சொல்லுதேன்’, ஒரு ‘ம்ம்’, பேச்சை மாற்றி ‘சாப்ட்டியா?’ என்பது, போனைக் கவிழ்த்து வைப்பது: முக்கால்வாசி இவை எல்லாம் ‘வேண்டாம்’தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள் என்றால் அன்றைக்கே சொல்லிவிட்டாள், நீங்கள்தான் கேட்கவில்லை. கல்யாணமான பெண்ணிடம் ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று கேட்பதும் இந்த வகைதான். கேட்பவருக்கு அது குசலம், அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போகும். ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் தனியாக, இரண்டு நாள் முன்னதாக, ‘தோதுப்படலன்னா பரவால்ல’ என்று வாசலைத் திறந்து வைத்து, ஒரே தடவை கேளுங்கள். பதில் ‘பாப்போம்’ என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

மன்னிப்பு கேட்பதிலும் காரணம்தான் கெடுக்கும். ‘தெரியாம கை பட்டுட்டு’, ‘ஆசையில சொல்லிட்டேன்’, ‘ஆனா நீயும் எங்கிட்ட மறைச்சேல்லா?’ எதுவும் வேண்டாம். செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள்: ‘ஒன் போனை எடுத்துப் பாத்தது தப்பு. அதை மத்தவங்ககிட்ட சொன்னது அதைவிடத் தப்பு. இனி செய்ய மாட்டேன்.’ அதற்கு முன்னால், யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், ‘அது நான் சொல்லியிருக்கக் கூடாது, இனி அதைப் பத்திப் பேசாதீங்க’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வரன் இன்னும் முடிவாகாமல் இருந்தால், வெளியே போன பேச்சால் அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அல்வாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போக வேண்டாம், வாங்கிக்கொண்டால் மன்னித்தாக வேண்டிய கட்டாயம் அவளுக்கு வந்துவிடும்.

அவள் ‘பரவால்ல, விடு’ என்று சட்டென்று சொல்லிவிட்டால் அதுவும் ‘இப்போது பேச வேண்டாம்’ என்பதாக இருக்கலாம். மறுபடி மறுபடி போய் நிற்காதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் மூடியைத் திறந்து உங்கள் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தினால் போய் உட்காருங்கள். நகர்த்தாவிட்டால் அடுத்த பெஞ்சில் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்ளுங்கள், நாளைக்கும் அப்படியே.